துண்டுச் சீட்டில் ஓடும் கம்ப்யூட்டர்

தில்லியில் நேரு பிளேஸ். மும்பையில் லேமிங்டன் ரோடு. பெங்களூரில் எஸ்.பி. ரோடு. சென்னையில் ரிச்சி தெரு. செகந்தராபாத்தில் சினாய் டிரேட் சென்டர். ஊருக்கு ஊர் மொழி மாறுகிறது, காட்சி மாறுவதில்லை. பத்தடி அகலக் கடை. கண்ணாடி மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு தகப்பனாரும் பதினாறு, பதினேழு வயதுப் பையனும். அந்தப் பக்கம் கால்குலேட்டரோடு கடைக்காரர். எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பாஷையில் பையன் சரளமாகப் பேசுகிறான். கடைக்காரர் அதே பாஷையில் பதில் சொல்லி, துண்டுச் சீட்டில் எட்டு வரி எழுதி, அடியில் கோடு போட்டு ஒரு தொகையை எழுதுகிறார். தகப்பனார் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "இதில் படிக்கவும் செய்யலாம் இல்லையா?" கடைக்காரரும் பையனும் ஒரே குரலில் "தாராளமாக" என்கிறார்கள்.

அந்தச் சீட்டுக்குப் பெயர் கொட்டேஷன். ஒரு நடுத்தரக் குடும்பம் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாயை இவ்வளவு குறைவாகப் புரிந்துகொண்டு செலவழிக்கும் சந்தர்ப்பம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஃபிரிட்ஜ் வாங்கினால் கதவைத் திறந்து பார்க்கிறோம். ஸ்கூட்டர் வாங்கினால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறோம். அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர் மட்டும் முதலில் காகிதத்தில்தான் ஓடுகிறது. மொழி பையனிடம் இருக்கிறது. பணம் தகப்பனாரிடம் இருக்கிறது. பையனின் மொழியும் பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோக்களில் கற்றது. அங்கே விலை டாலரில். இங்கே அதே பொருளுக்கு இறக்குமதிச் செலவும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே அந்தச் சீட்டை வரிவரியாகத் தமிழில் மொழிபெயர்த்துப் பார்ப்பது வீட்டுக்கு நல்லது.

அதற்கு முன் ஒரு பயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். கேமிங் என்றதும் பணம் கட்டி ஆடும் ரம்மியும் கடனும் பல பெற்றோருக்கு நினைவுக்கு வருகின்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை; மின் விளையாட்டுப் போட்டிகளுக்கு அங்கீகாரம். பையன் கேட்பது இரண்டாவது வகையைச் சேர்ந்த இயந்திரம். எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அதற்குக் கடைக்காரரிடம் பதில் கிடையாது.

திரையிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குப் போகும் முன்பே ஒரு காகிதத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும். எந்தெந்த விளையாட்டுகள்? எந்த அளவுத் திரை? மொத்தம் எவ்வளவு பணம்?

வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்றவை போட்டி விளையாட்டுகள். காட்சி ஜோடனை குறைவு, வேகம் அதிகம். சுமாரான இயந்திரத்திலேயே ஓடும். 2020-ல் வந்த சைபர்பங்க் 2077 போன்றவை முழுநீளத் திரைப்படத்தின் ஜோடனையோடு வருபவை. இயந்திரத்தைப் பிழிந்து எடுத்துவிடும். முதல் வகை மட்டும் ஆடுகிறவருக்கும் இரண்டாவது வகை ஆடுகிறவருக்கும் தேவைப்படுபவை வெவ்வேறு கம்ப்யூட்டர்கள். "எல்லா கேமும் ஓடும் சார்" என்ற பதிலுக்கு அர்த்தமில்லை. எந்தத் திரையில், எந்தத் தரத்தில், நொடிக்கு எத்தனை படம் என்று கேட்டால்தான் அது பதில்.

சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் அகலவாக்கில் 1,920 புள்ளிகளும் உயரவாக்கில் 1,080 புள்ளிகளும் இருக்கின்றன. பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதை இயந்திரம் நொடிக்கு 60 முறை கணக்கிட வேண்டும். 4கே திரையில் புள்ளிகள் 82,94,400. அதாவது நான்கு மடங்கு வேலை. குறைந்த பட்ஜெட்டில் 4கே மானிட்டர் வாங்குவது மாட்டு வண்டியில் லாரிச் சுமையை ஏற்றுவதற்குச் சமம். 22 அல்லது 24 அங்குல ஃபுல் எச்.டி. போதும்.

இன்னொன்று. சீட்டில் உள்ள தொகையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யு.பி.எஸ். அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. 'அறுபதாயிரம் ரூபாய் கம்ப்யூட்டர்' வீட்டுக்கு வரும்போது எழுபத்தைந்தாயிரம் ஆவது இப்படித்தான்.

கனமான வரி

சீட்டில் முதல் வரியாக பிராசஸரை எழுதுவது வழக்கம். பணத்தின் கனம் இருக்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டு என்ற வரியில்.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் தலைமைச் சமையல்காரர். என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று முடிவெடுப்பவர். கிராபிக்ஸ் கார்டு காய் நறுக்கும் நூறு பேர். வேலை எளிது, ஆனால் மலையளவு. இருபது லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கொடுப்பது காய் நறுக்கும் வேலை. தலைமைச் சமையல்காரருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் நறுக்க ஆள் இல்லையென்றால் பந்தி நகராது. மானிட்டரை நீக்கிவிட்டு மற்றவற்றுக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை இந்த ஒரு வரிக்குப் போனால்தான் அது கேமிங் கம்ப்யூட்டர்.

இங்கேதான் எண்களின் வித்தை தொடங்குகிறது. "4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு இருக்கு சார்" என்பார்கள். ஜி.பி. என்பது கார்டில் உள்ள நினைவகம். நறுக்குகிறவர்களுக்கு முன்னால் போட்டிருக்கும் மேஜையின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜை பெரிதாக இருந்தால் மட்டும் காய் நறுங்கிவிடாது. 2014-ல் வந்த ஜி.டி. 730 கார்டிலும் 4 ஜி.பி. வகை உண்டு. திரையில் படம் தெரியவைக்க அது போதும். இன்றைய பெரிய விளையாட்டுகளுக்கு உதவாது.

ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்பதும் உண்டு. என்விடியாவின் ஜி.டி. 1030 கார்டு 2017-ல் வந்தபோது அதன் நினைவகம் நொடிக்கு 48 ஜி.பி. தகவலைக் கையாண்டது. 2018-ல் அதே பெயரில் வேறு நினைவகத்தோடு வந்த கார்டு கையாண்டது 16.8 ஜி.பி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆர்.டி.எக்ஸ். 3050-யும் இரண்டு உருவில் இருக்கிறது. 2022-ல் வந்த 8 ஜி.பி. கார்டில் 2,560 கணக்கிடும் அலகுகள். 2024-ல் வந்த 6 ஜி.பி. கார்டில் 2,304. சீட்டில் வெறும் '3050' என்று எழுதியிருந்தால் எந்த 3050 என்று கேட்க வேண்டும்.

எதை வாங்கலாம்? ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600, 2021-ல் வந்தது. 8 ஜி.பி. நினைவகம், 132 வாட் மின்சாரம். சிக்கனக்காரர்களின் அளவுகோலாகப் பல காலம் இருந்த கார்டு இது. ஃபுல் எச்.டி. திரைக்கு இதைவிடக் குறைந்த திறனுள்ள புதுக் கார்டை அதே விலைக்கு யாராவது சொன்னால் மறுத்துவிடலாம். 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5050, 5060, ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ஆகியவை அடுத்தடுத்த படிகள். 2024 டிசம்பரில் இன்டெல் கொண்டுவந்த ஆர்க் பி580 கார்டில் 12 ஜி.பி. நினைவகம் இருக்கிறது. ஆனால் பழைய பிராசஸர், மதர்போர்டோடு சேர்த்தால் அது தன் முழுத் திறனைக் காட்டாது.

பழைய கார்டு வாங்குவது பாவமில்லை. அதன் பூர்வோத்திரம் தெரிந்திருக்க வேண்டும். எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு 'தோண்டி' எடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அந்த முறை கைவிடப்பட்டதும், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. பழைய கார்டின் மென்பொருளைத் திருத்தி, உயர்ந்த கார்டின் பெயரைச் சூட்டி விற்பவர்களும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகளில் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். கடையிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் பணம். அதற்கு மறுக்கும் இடத்தில் பழைய பொருள் வாங்க வேண்டாம்.

ஐ செவன் என்ற மந்திரம்

இந்தியச் சந்தையில் 'ஐ செவன்' என்ற இரண்டு சொற்களுக்கு இருக்கும் மதிப்பு அலாதியானது. ஐ3 சாதாரணம், ஐ5 பரவாயில்லை, ஐ7 உசத்தி. சோப்பு விளம்பரம்போல இது மனதில் பதிந்துவிட்டது. அதனால்தான் "ஐ7, 16 ஜி.பி. ராம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 4 ஜி.பி. கிராபிக்ஸ்" என்று இருபதாயிரம் ரூபாய்ச் சுற்றில் ஒரு பெட்டியைக் காட்டும்போது கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது. விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமாகச் சேர்த்துப் படித்தால் பொய்.

அந்த ஐ7 பெரும்பாலும் 2011-ல் வந்த 2600 அல்லது 2012-ல் வந்த 3770. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பெட்டிகளிலிருந்து வந்தவை. 2022-ல் வந்த ஐ3-12100எஃப்-ஐ இதனுடன் ஒப்பிடுங்கள். இரண்டிலும் நான்கு மூளைகள், எட்டு இழைகள். எண்ணிக்கை ஒன்றே. ஆனால் நடுவில் பதினொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. விளையாட்டில் அந்தப் பழைய ஐ7 இந்த ஐ3-யின் பக்கத்தில்கூட வர முடியாது.

வேகத்தைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவார்கள். ஆனால் விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஓடுவதற்கு அந்த டி.பி.எம். 2.0-ஐயும் செக்யூர் பூட் என்ற வசதியையும் விளையாட்டே கேட்கிறது. எந்த விளையாட்டுக்காக வாங்கினார்களோ அதுவே உள்ளே விட மறுக்கும்.

பிராசஸரின் தலைமுறையைப் படிப்பது எளிது. ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பிறகு வரும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிடுங்கள். மீதி இருப்பது தலைமுறை. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. (2023 டிசம்பரில் அறிமுகமான 'கோர் அல்ட்ரா' வரிசைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) கடைசி எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் 'எஃப்' என்றால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது.

ஆறு மூளைகள் உள்ள ஐ5-12400எஃப், ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 போன்றவை இந்த பட்ஜெட்டில் தலைமைச் சமையல்காரராக இருக்கத் தகுதியுள்ளவை. அதற்கு மேல் பிராசஸருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரமும் கிராபிக்ஸ் கார்டிடமிருந்து பிடுங்கியது.

மொத்தப் பணம் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸரை வாங்கி, கார்டு இல்லாமல் தொடங்கலாம். வாலரன்ட் வகை விளையாட்டுகள் ஓடும். ஓராண்டு கழித்துக் கார்டு சேர்க்கலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. 5600-ல் 32 எம்.பி. இருக்கும் உள் நினைவகம் 5600ஜி-யில் 16 எம்.பி.தான். பின்னால் கார்டு போட்ட பிறகு கொஞ்சம் பின்தங்கும். சீட்டு கட்டிப் பணம் சேர்ப்பவர்களுக்கு இது பெரிய நஷ்டமில்லை.

மதர்போர்டு என்ற மனைக்கட்டு

மதர்போர்டு விளையாட்டின் வேகத்தை நேரடியாகக் கூட்டுவதில்லை. எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. 2017-ல் ஏ.எம்.டி.யின் முதல் ரைசன் பிராசஸர்களுக்காக ஏஎம்4 வகை போர்டு வாங்கியவர்களில் பலர், ஐந்து ஆண்டுகள் கழித்து அதே போர்டில் மென்பொருளைப் புதுப்பித்து 5600-ஐப் பொருத்திக்கொண்டார்கள். பழைய மனையில் புது வீடு. அந்த வழி இப்போது முனையை எட்டிவிட்டது. 2022-ல் வந்த ஏஎம்5 போர்டுகளுக்குச் செலவு கூடுதல், ஆனால் முன்னால் பாதை இருக்கிறது. நான்கைந்து ஆண்டுகள் கையே வைக்கப்போவதில்லை என்றால் மலிவான பழைய வகை போதும். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் உத்தேசம் இருந்தால் புதிய வகைக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்.

பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ஜியான் பிராசஸரையும் பெயர் தெரியாத போர்டையும் சேர்த்து 'எட்டு கோர்' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். போர்டு நின்றுபோனால் கேட்பதற்கு ஆளில்லை.

ராமின் விலை

ராம் என்ற வரி முன்பெல்லாம் சீட்டில் யாரும் கவனிக்காத வரி. 2025-ன் கடைசி மாதங்களில் நிலைமை தலைகீழாயிற்று. உலகின் ராம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவு மையங்களின் பசிக்கு அவை பரிமாறத் தொடங்கியதும் சில்லறைச் சந்தையில் விலை பல மடங்காக எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே ஆறு மாதத்துக்கு முந்தைய வீடியோவில் சொன்ன விலையை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். வாங்கும் வாரத்து விலையை மூன்று கடையில் கேளுங்கள்.

விளையாட்டுக்கு 16 ஜி.பி. வேண்டும். அதையும் ஒரே 16 ஆக வாங்காமல் இரண்டு 8 ஆக வாங்குவது மேல். இரண்டு குச்சிகள் இருந்தால் தகவல் இரண்டு வழிகளில் போகும். கார்டு இல்லாமல் 5600ஜி-யோடு தொடங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அங்கே கிராபிக்ஸும் இந்த ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. கட்டாயம். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகை 3,500-க்கும் மேல் போகும். எண் பிரமாதம். விளையாடும்போது அந்த அளவு வித்தியாசம் தெரியாது. அதிவேக வகைக்குக் கூடுதல் கொடுப்பதைவிட, அதே பணத்தில் அதிகக் கொள்ளளவு வாங்குவது உத்தமம். ஒரு பெரிய விளையாட்டே 100 ஜி.பி.யை விழுங்கிவிடுகிறது.

யாரும் கேட்காத வரி

எஸ்.எம்.பி.எஸ். - வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தரும் இரும்புப் பெட்டி. விளையாட்டின் வேகத்தை அது ஒரு படம்கூடக் கூட்டாது. பையன் அதைப்பற்றிப் பேசமாட்டான். தகப்பனாருக்கு அது இருப்பதே தெரியாது. தொகையைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் முதலில் கை வைப்பது அதில்தான். "கேபினெட்டோடு ஃப்ரீ சார்."

அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளின் உயிர் இந்தப் பெட்டியில் இருக்கிறது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போனால் தன்னை அணைத்துக்கொள்ளும். மட்டமானது கெட்டுப்போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். மின்சாரம் நொடிக்கொரு தரம் ஏறி இறங்கும் ஊர்களில் இது கற்பனை ஆபத்தில்லை.

கணக்கு எளிது. ஆர்.எக்ஸ். 6600-க்கு 132 வாட். பிராசஸருக்கு 80 வாட் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு 50. ஆக சுமார் 260 வாட். திடீர் ஏற்றங்களுக்கு இடம் விட்டு, 500 வாட் சுற்றில் ஒரு நல்ல பெட்டி போதும். 850 வாட் வேண்டியதில்லை. ஆனால் வெளியே ஒட்டியிருக்கும் பெரிய எண்ணை நம்பக் கூடாது. பக்கவாட்டு லேபிளில் '12 வோல்ட்' என்பதற்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். 450 வாட் என்று அட்டையில் போட்டு, லேபிளில் 16 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 12 × 16 = 192 வாட். மீதி எண் அலங்காரம்.

'80 பிளஸ்' முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதைச் சொல்கிறது. தரத்துக்கு அதுவே முழுச் சான்று ஆகாது; ஆனால் அதுகூட இல்லாத பெட்டியை கிராபிக்ஸ் கார்டோடு சேர்க்க வேண்டாம். வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரல் சுருசுருவென்று இழுப்பது பல வாடகை வீடுகளில் சகஜம். அது எர்த் இல்லை என்பதன் அடையாளம்.

கேபினெட்டைப் பொறுத்தவரை வண்ண விளக்குகளைவிடக் காற்று முக்கியம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அடைத்த பெட்டி ஷோரூமின் ஏ.சி.யில் அழகாக இருக்கும். மே மாதத்தில் நாக்பூரிலோ வேலூரிலோ 42 டிகிரியில் அது அடுப்பு. முன்பக்கம் வலைபோன்ற தகடும், உள்ளிழுக்க ஒன்று, வெளியேற்ற ஒன்று என்று இரண்டு மின்விசிறியும் உள்ள பெட்டி போதும்.

600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது சுமார் 360 வாட். மின்சாரம் போனால் ஆட்டத்தைச் சேமித்து, இயந்திரத்தை முறையாக அணைக்க நேரம் கிடைக்கும். தொடர்ந்து ஆடுவதற்கு அல்ல. கரன்ட் பில்லும் கேட்பீர்கள்: 300 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 27 யூனிட்.

பில் வேண்டுமா சார்?

கடைசியில் இந்தக் கேள்வி வரும். ஜி.எஸ்.டி. சேர்ந்த அறுபதாயிரம் ரூபாயில் வரி மட்டும் ஏறக்குறைய ரூ. 9,150. பில் இல்லாவிட்டால் அதில் ஒரு பகுதியைக் குறைப்பதாகச் சொல்வார்கள். சபலம் இயற்கை. ஆனால் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்கு ஒரே கம்பெனி பொறுப்பாளி கிடையாது. எட்டுப் பொருள், எட்டு உத்தரவாதம். பில்லும் அதில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் இல்லாவிட்டால் எட்டுக் கதவுகளும் மூடியிருக்கும். பெட்டிகளையும் பத்திரப்படுத்துங்கள்.

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே; கெடு எதுவும் எழுதப்படாவிட்டால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்த சுவர் அட்டை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

பங்கீட்டைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும். மானிட்டர் நீங்கலாக உள்ள தொகையில் கிராபிக்ஸ் கார்டுக்கு 35 முதல் 40 சதவீதம். பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 25 முதல் 30. ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் 15 முதல் 20. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 8 முதல் 10. கேபினெட்டுக்கு 5 முதல் 7. ராம் விலை ஏறிக் கிடக்கும் நாளில் குறைக்க வேண்டியது பிராசஸரையும் கேபினெட்டையும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தொடாதீர்கள்.

இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் இரண்டு சோதனைகள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் அது 60-ல் நிற்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் செலவில்லை. இந்த இரண்டையும் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முதல் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, பையனோ பெண்ணோ அந்த எட்டு வரியையும் வீட்டில் எல்லோருக்கும் புரிகிற தமிழில் விளக்கட்டும். இது என்ன, ஏன் வேண்டும், இதைவிடக் குறைந்தது ஏன் போதாது, கூடியது ஏன் வேண்டாம். எட்டு வரிக்கும் பதில் வந்தால் பணத்தைத் தைரியமாக எடுத்துக் கொடுக்கலாம். ஏதாவது ஒரு வரியில் "அது அப்படித்தான்பா" என்று வந்தால், அந்த வரியில்தான் பணம் ஒழுகப்போகிறது. அதை அடைத்துவிட்டு அடுத்த வாரம் போகலாம். கடை எங்கும் போய்விடாது.